கெட மறுத்த கிளைடர்

கிளைடர் கீழே இறங்குகிற வழியாக இல்லை. அனந்தபத்மநாபன் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதை ரப்பரில் மாட்டி இழுத்து விட்டு நாற்பது விநாடி ஆகிவிட்டது. தொம்மலூர் ஏரிக்கரையை ஒட்டிய வெளியில், முழ நீளச் சிறகை விரித்துக்கொண்டு அது பாட்டுக்கு மேலே நிதானமாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு தீப்பெட்டி கனம்கூட இருக்காது. உடம்பு முழுக்கப் பால்சா என்ற லேசான மரம். செய்தவர் அவரேதான். ஆனால் செய்தவர் என்ற முறையில் அவர் எதிர்பார்த்தது பத்தே விநாடி. போன ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் விட்டபோது, ஆறு தடவையும் மூக்கை நிமிர்த்திக்கொண்டு கிளம்பி, நடுவில் நின்று யோசித்து, பொத்தென்று விழுந்த கிளைடர் அது. செவ்வாய்க்கிழமைக்குள் அதற்கு இந்தப் புத்தி எப்படி வந்தது என்று அவருக்கே புரியவில்லை.

பக்கத்தில் ஸ்டாப்வாட்சும் கையுமாக நின்றவர் ஸ்ரீகண்டன். விமானத் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் அடுத்த மேஜைக்காரர்.

"ஐம்பத்தாறு," என்றார் ஸ்ரீகண்டன், கிளைடர் ஒருவழியாகப் புல்லில் வந்து உட்கார்ந்ததும். "ஓய், என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீர்?"

"ஏன், நன்னாப் பறக்கறதே?"

"நன்னாப் பறக்கறதுதான் ஓய் ஆபத்து! டென்சிலை ஜெயிச்சுட்டா என்ன ஆகும்னு யோசிச்சீரா?"

அனந்தபத்மநாபன் யோசித்திருக்கவில்லை. இப்போது யோசித்தார். பிரிவின் தலைவர் டென்சில் துரை, கிளைடர் விடுவதில் புலி. வருஷா வருஷம் பிரிவுக்குள் போட்டி நடக்கும். யாருடைய கிளைடர் அதிக நேரம் காற்றில் நிற்கிறதோ அவருக்குக் கோப்பை. இதுவரை ஏழு போட்டிகள். ஆறு தடவை கோப்பை டென்சிலுக்கு. மூன்றாவது வருஷம் மட்டும் அப்பாதுரை என்ற துடுக்கான ஆள் ஜெயித்துவிட்டார்.

"அப்பாதுரை இப்ப எங்கே இருக்கார்?" என்று கேட்டார் ஸ்ரீகண்டன்.

"ஸ்டோர்ஸ்ல. ஆணி எண்ணிண்டிருக்கார்."

"ஜெயிச்ச எத்தனாம் நாள் மாத்தினா?"

"பதினோராம் நாள்."

"அவ்வளவுதான். இனிமே நான் வாயைத் திறக்கலை."

சொன்னாரே தவிர, வீடு வரைக்கும் திறந்த வாயை மூடவில்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. சீனியர் டிராஃப்ட்ஸ்மன் வேலை ஒன்று காலியாக இருந்தது. யார் பெயரைச் சிபாரிசு செய்வது என்பதை அடுத்த வாரம் டென்சில் எழுத வேண்டும். பன்னிரண்டு வருஷமாகப் பென்சில் சீவிக்கொண்டிருக்கும் அனந்தபத்மநாபன்தான் வரிசையில் முதல் ஆள். வேலையோடு கம்பெனி குவார்ட்டர்ஸும் வரும். குவார்ட்டர்ஸில் சமையலறைக்குள்ளேயே குழாய். அவர் மனைவி கோமளம் விடிவதற்கு முன்னால் எழுந்து, வேலைக்கு வரும் முத்தம்மாவையும் கூட்டிக்கொண்டு தெருக்குழாயில் குடத்தோடு வரிசையில் நிற்பாள். ஒரு நாள்கூடச் சலித்துக்கொண்டதில்லை. அதுதான் அனந்தபத்மநாபனை அதிகமாக உறுத்தியது.

போட்டியில் கலந்துகொள்ளாமல் இருக்கலாம் என்றால், பெயர் கொடுத்தாகிவிட்டது. வேறு ஒரு மட்டமான கிளைடர் செய்யலாம் என்றால், பால்சா வெளிநாட்டுச் சரக்கு. ஆளுக்கு ஒரே ஒரு தகடுதான் கொடுத்திருந்தார்கள். செய்து முடித்ததில் போட்டி முத்திரையும் குத்தியாகிவிட்டது.

"கால் தடுக்கினாப்ல மேலே விழுந்து உடைச்சுடும்," என்றார் ஸ்ரீகண்டன்.

அனந்தபத்மநாபன் கிளைடரைக் கையில் எடுத்துப் பார்த்தார். மூன்று வாரம் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து இழைத்த சிறகு. வெளிச்சத்தில் பிடித்தால் ஓரம் லேசாக மஞ்சள் பூத்தது. உடைக்கக் கை வரவில்லை.

"உடைக்க வேண்டாம். கெடுத்துடறேன்," என்றார்.

புதன்கிழமை காலை, ஆபீசுக்குக் கிளம்புவதற்கு முன், பட்டாணி அளவு களிமண்ணை உருட்டி மூக்கின் நுனியில் அப்பினார். மூக்கு கனத்தால் கிளைடர் குப்புற விழும். இது கிளைடர் உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கொல்லையில் நின்று விட்டுப் பார்த்தார். நேராகப் போய்க் கீரைப் பாத்தியில் குத்திக்கொண்டது. அவருக்குப் பரம திருப்தி.

கோமளம் பின்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏன்னா, கீரைக்குள்ள என்ன தேடறேள்?"

"டெஸ்ட் பண்ணினேன்."

"நேத்திக்கு ஐம்பத்தாறு செகண்டு பறந்ததுன்னு சொன்னேளே?"

"அது போறாதுன்னுதான் ட்ரிம் பண்றேன். கொஞ்சம் இங்கே ஏத்தணும், கொஞ்சம் அங்கே வளைக்கணும். ரொம்ப நுணுக்கமான வேலை. உனக்குப் புரியாது."

தோற்பதற்காகத் தயார் செய்துகொண்டிருக்கிறேன் என்று கட்டிய மனைவியிடம் சொல்ல எந்த ஆண்பிள்ளைக்குத்தான் மனசு வரும்? அவருக்கும் வரவில்லை. கிளைடரை அலமாரி மேல் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனார்.

சாயங்காலம் ஸ்ரீகண்டன் பரிசோதனைக்கு ஏரிக்கரைக்கு வந்தார். அனந்தபத்மநாபன் கம்பீரமாக ரப்பரை இழுத்து விட்டார். கிளைடர் விர்ரென்று ஏறியது. உச்சியில் அலுங்காமல் திரும்பியது. கனத்த மூக்கு கொடுத்த தைரியத்தில் எதிர்காற்றைச் சட்டை செய்யாமல் மிதந்தது.

"அறுபத்தொண்ணு!" என்றார் ஸ்ரீகண்டன். "கெடுக்கறேன்னீரே?"

அனந்தபத்மநாபன் ஓடிப்போய் எடுத்துப் பார்த்தார். களிமண் வைத்த இடத்திலேயே இருந்தது. நசுக்கிப் பார்த்தார். அதே பட்டாணி.

"மத்தியானச் சூட்டுல காஞ்சு கனம் கொறைஞ்சிருக்கும்," என்றார் சந்தேகமாக.

வியாழக்கிழமை வாலைப் பிடித்தார். வாலில் நிமிர்ந்து நிற்கும் சின்னத் தகட்டின் மேல் வாயால் ஊதி, சூடேற்றி, இடது பக்கம் நன்றாக வளைத்தார். விட்டதும் கிளைடர் திருகாணி மாதிரி சுற்றிச் சுற்றி இறங்கித் துளசி மாடத்தின் மேல் முட்டியது. கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த முத்தம்மா நிமிர்ந்தாள்.

"ஐயா, அதுக்குத் தலை சுத்துது."

"சுத்தட்டும், சுத்தட்டும்!" என்றார் அனந்தபத்மநாபன் மலர்ந்த முகத்தோடு.

"பாவங்க அது," என்றாள் முத்தம்மா.

சாயங்காலம் அது சுற்றத்தான் செய்தது. ஆனால் காலையில் சுற்றிய சுற்று இல்லை. அகலமான, சாவகாசமான வட்டம். வெளியைத் தாண்டி ஓடாமல் ஒரே இடத்துக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்ததால் கீழே வர அதற்கு அவசரமே இருக்கவில்லை. கடைசியில் ஸ்ரீகண்டனின் செருப்புக்குப் பக்கத்தில் வந்து மரியாதையாக உட்கார்ந்தது.

"எழுபத்திநாலு," என்ற ஸ்ரீகண்டனின் குரல் மாறிவிட்டது. "ஓய், வெளிப்படையாச் சொல்லிடும். எனக்குத் தெரியாம ராத்திரி பகலா பிராக்டிஸ் பண்றீர். கோப்பை மேல ஆசை வந்துடுத்து."

"சத்தியமா இல்லை ஓய்! வாலைப் பாரும், இன்னும் வளைஞ்சுதான் இருக்கு!"

"அதான் சொல்றேன். எங்கே வளைச்சா எங்கே திரும்பும்னு தெரிஞ்ச கைதான் இப்படி வளைக்கும்."

அன்றிரவு அனந்தபத்மநாபனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தாம் ஒரு அப்பாவி என்பதை நிரூபிக்க முடியாத நிலைமை அவருக்குப் புதிது.

வெள்ளிக்கிழமை காலை பெரிய ஆயுதத்தையே எடுத்தார். ஈர ஆவியில் காட்டினால் பால்சா இளகும். இளகினதை முறுக்கினால் முறுக்கின மாதிரியே நிற்கும். கோமளம் இட்லிப் பானையைத் திறந்த சமயம் பார்த்து, கிளைடரின் வலது சிறகை ஆவியில் நீட்டினார்.

கோமளம் கரண்டியோடு ஒதுங்கி நின்றாள். "ஏன்னா, அதுக்கு ஜலதோஷமா?"

"சிறகை முறுக்கணும்."

"ஆவியில காட்டினா வளையுமா?"

"வளையும். பேசாம இரு, கவனம் சிதறறது."

"எவ்வளவு நாழி காட்டணும்?"

"அதெல்லாம் அனுபவம். சொல்லிக் கொடுத்து வராது."

வலது சிறகு வெயிலில் கிடந்த அப்பளம் மாதிரி ஆயிற்று. கொல்லையில் விட்டபோது கரணம் போட்டுக் கொடியில் உலர்ந்த வேஷ்டியில் போய்ச் சுருண்டது. அப்பாடா என்று ஆபீசுக்குப் போன அனந்தபத்மநாபன், அன்று முழுக்கச் சிரித்த முகமாகக் கோடு போட்டார். ஒரு வரைபடத்தில் இரண்டு தப்புக்கூட வந்தது.

சாயங்காலம் அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தால், சிறகு செய்த அன்றைக்கு இருந்த மாதிரியே நேராக இருந்தது.

கிளைடர் எண்பத்து மூன்று விநாடி பறந்தது.

ஸ்ரீகண்டன் ஸ்டாப்வாட்சைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

"பால்சாவுக்கு ஞாபகசக்தி உண்டு ஓய்!" என்று பின்னாலேயே கத்தினார் அனந்தபத்மநாபன். "ஈரம் காஞ்சதும் பழைய உருவத்துக்குப் போயிடறது!"

"ஸ்டோர்ஸ்ல அப்பாதுரைக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி காலியாம்," என்று பதில் வந்தது.

தனியாக நின்ற அனந்தபத்மநாபன் கிளைடரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். "உனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டார். நாற்பது வயசு மனிதர் மரத்துண்டோடு பேசுவதை எருமை ஓட்டிக்கொண்டு போன ஒருவன் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் போட்டி. ஆளுக்கு மூன்று தடவை விடலாம். அதிக நேரம் பறந்தது கணக்கு. டென்சில் துரை அரை டவுசரும் தொப்பியுமாக வந்து, சிவப்பு வர்ணம் அடித்த தம் கிளைடரை விட்டார். அறுபத்திரண்டு விநாடி. எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு பிரிவில் இருந்த ஒவ்வொருவரும் முன்னால் வந்து பயபக்தியோடு இருபது, இருபத்தைந்து என்று தோற்றுவிட்டுப் போனார்கள். ஸ்ரீகண்டன் பதினொன்றிலேயே காரியத்தை முடித்துக்கொண்டார்.

அனந்தபத்மநாபனுக்கு இனி ஒரே வழிதான் பாக்கி. கிளைடரைக் கெடுக்க முடியாவிட்டால் விடுவதையாவது கெடுத்துத் தொலைக்க வேண்டும்.

முதல் தடவை ரப்பரைப் பாதிதான் இழுத்தார். கிளைடர் பாதி உயரம் போனது. அங்கிருந்தே சமர்த்தாக மிதந்து ஐம்பது விநாடி எடுத்தது. இரண்டாவது தடவை, தலைகீழாக விழட்டும் என்று நேர் உச்சிக்கு விட்டார். அது உச்சிக்குப் போய், ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்ணீரில் திரும்பும் மீன் மாதிரி வழுக்கித் திரும்பிற்று. ஐம்பத்தொன்பது. கூட்டத்தில் யாரோ, "அடடா!" என்று சொல்லிவிட்டு, டென்சிலைப் பார்த்ததும் இருமினார்கள்.

மூன்றாவது தடவைக்கு அனந்தபத்மநாபன் மைதானத்துக்கே முதுகைத் திருப்பிக்கொண்டார். எதிரே தொழிற்சாலையின் தகரக் கூரைகள். கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் இழுத்து விட்டார். போய் மோதட்டும்.

மத்தியானம் முழுக்கக் காய்ந்திருந்த தகரத்துக்கு மேலே வெந்த காற்று ஆளுயரத்துக்கு நடுங்கிக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தது. கிளைடர் அதற்குள் நுழைந்தது. ஒரு கணம் தடுமாறியது. பிறகு இடது பக்கம் சாய்ந்து ஒரு வட்டம் போட்டது. அடுத்த வட்டம் முதல் வட்டத்தைவிட உயரத்தில் இருந்தது. அதற்கடுத்தது இன்னும் உயரத்தில்.

"ஏறறது," என்றார் யாரோ மெதுவாக.

ஒரு நிமிஷம் ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. மேலே சுற்றிக்கொண்டிருந்த இரண்டு பருந்துகள் இடம் விட்டன. அனந்தபத்மநாபன் கையில் ரப்பரோடு அண்ணாந்து நின்றார். சீனியர் வேலை, குவார்ட்டர்ஸ், ஸ்டோர்ஸ் நாற்காலி எல்லாம் மறந்தே போய்விட்டது. இவ்வளவு அழகான ஒன்றை மூன்று நாளாகக் கெடுக்கப் பார்த்தோமே என்று மட்டும் தோன்றியது. கண்ணில் நீர் கட்டியது. வெயில் என்று துடைத்துக்கொண்டார். கிளைடர் புள்ளியாகி, புள்ளி வெண்மேகத்துக்குள் போய், பிறகு வெறும் மேகம்தான் இருந்தது.

"ரெண்டு நிமிஷம் பதினொரு செகண்டு," என்று ஸ்ரீகண்டன் அழமாட்டாக் குறையாக அறிவித்தார்.

ஒருவரும் கை தட்டவில்லை. டென்சில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நேராக அனந்தபத்மநாபனிடம் வந்தார். முகம் அவருடைய கிளைடரைவிடச் சிவந்திருந்தது.

"யாரு மேன் இதை ட்ரிம் பண்ணது?"

"நான்தான் சார்," என்றார் அனந்தபத்மநாபன். "மன்னிக்கணும் சார்."

"மன்னிப்பா? என்னா மேன் பேசறே!" டென்சில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் தோள்பட்டை வலித்தது. "இத்தனை வருஷமா இங்க ஒருத்தனும் எனக்கு எதிரா ஒழுங்கா வுட்டதில்ல. எனக்குக் கண்ணு தெரியாதா? அப்பாதுரை ஒருத்தன்தான் ஆம்பள மாதிரி வுட்டான். அவனும் பசை வாசனைக்கு இழுப்பு வருதுன்னு ஸ்டோர்ஸைக் கேட்டு வாங்கினு பூட்டான்."

ஸ்ரீகண்டன் ஸ்டாப்வாட்சைக் கீழே போட்டுவிட்டு எடுத்தார்.

"சீனியர் போஸ்ட்டுக்கு உன் பேரைத்தான் எழுதப் போறேன்," என்றார் டென்சில். "வேலைக்குப் புதுசா வந்திருக்கிற பசங்களுக்கு ட்ரிம்மிங்னா என்னான்னே தெரியல. திங்கட்கிழமை காலையில எல்லாரையும் உக்கார வெக்கிறேன். நீ உன் கையால ஒரு கிளைடரை ட்ரிம் பண்ணிக் காமிக்கறே. எது எப்படின்னு சொல்லிக் குடுக்கறே. அந்தக் கை இருக்கே மேன், அது சாதாரணக் கை இல்ல!"

மைதானத்தை விட்டுக் கிளம்பும்போது அனந்தபத்மநாபனுக்குத் தாம் பிழைத்ததே பெரிய விஷயமாக இருந்தது. பாதி தூரம் வந்ததும், களிமண்ணை அவ்வளவு சரியாகப் பட்டாணி அளவுக்கு உருட்டியது தற்செயலாக இருக்க முடியாது என்று தோன்றியது. ஏரிக்கரை வந்தபோது, மனசு கெடுக்க நினைத்தாலும் திறமையுள்ள விரல் கெடுக்காது என்பது தெளிவாகிவிட்டது. வீட்டு வாசற்படியில் கால் வைத்தவர் ஒரு மேதை.

"கோமளம்! நம்ம ஆத்துக்குள்ளேயே குழாய் வரப்போறது!"

கோமளம் எல்லாவற்றையும் கேட்டாள். மேகத்துக்குள் போனதைச் சொன்னபோது மட்டும், "நெஜமாவே மேகத்துக்குள்ளயா?" என்று இரண்டு தரம் கேட்டாள். அவள் முகம் விளக்கேற்றினாற்போல் இருந்தது. நமக்கு இப்படி ஒரு கணவனா என்ற பெருமை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"திங்கட்கிழமை நான் க்ளாஸ் எடுக்கணும்," என்றார், நாற்காலியில் சாய்ந்துகொண்டு. "என்ன சொல்லிக் கொடுக்கறது? விரல் நுனியில இருக்கிற சமாசாரம். மூக்கு கனத்தா வாலோட பின்னோரத்தை ஒரு மயிரிழை நிமிர்த்தணும்னு சொல்லுவா. அதெல்லாம் புஸ்தகப் படிப்பு. என்னை மாதிரி தானா வரணும்."

"மயிரிழை போறாது, ரெண்டு மயிரிழை," என்றாள் கோமளம்.

"என்ன சொன்னே?"

"காபி கொண்டு வரேன்னேன்."

அப்போது முத்தம்மா இடுப்பில் குடத்தோடு உள்ளே வந்தாள். அலமாரி மேலே பார்த்தாள். காலியாக இருந்தது.

"ஏரோப்ளேன் எங்கம்மா?"

"பறந்து போயிடுத்து முத்தம்மா. ஆகாசத்துக்கே போயிடுத்தாம்."

முத்தம்மா குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு, துக்கம் தாங்காமல் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ அம்மா! ஐயா தெனம் காலையில அதைக் கெடுத்து வெச்சுட்டு ஆபீசுக்குப் போவாரு, நீங்க குந்தி மூக்கு வாலு எல்லாம் சரி பண்ணுவீங்க, நான் ரப்பரை இழுத்து வுட்டு ஏரிக்கரை வரைக்கும் ஓடி எடுத்தாருவேன், இனிமே நம்ம ரெண்டு பேருக்கும் மத்தியானப் பொழுது எப்படிம்மா போவும்?"